ஒரே ஒரு அந்தி: ஏற்காட்டு முனையா, ஏரிக்கரைப் பனையா?

கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா மகள் போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் சேலம் வந்து இறங்கினாள். மறுநாள் மதியம் திரும்ப வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு சாயங்காலம். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: "மாமா, வானம் செவந்து கெடக்கும்போது மரம் மட்டும் கருப்பா நிக்கற மாதிரி ஒரு படம் வேணும். ஏற்காடு போயிரலாமா?"

சேலத்தில் யாரைக் கேட்டாலும் ஏற்காட்டைத்தான் கை காட்டுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, இரண்டு பக்கத்தையும் அவளோடு உட்கார்ந்து நிறுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் பனமரத்துப்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு சிற்றேரியின் கரை. அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: உங்களுக்கு வேண்டியது மரம் என்றால் ஏரிக்கரைக்குப் போங்கள். வேண்டியது காட்சி என்றால் மலைக்குப் போங்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு உறைக்க மூன்று குளிர்காலம் ஆயிற்று.

கீழே பார்க்கும் இடம், மேலே பார்க்கும் இடம்

அவள் கேட்ட மாதிரியான நிழலுருப் படத்துக்கு நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மரத்துக்குப் பின்னால் வானம் இருக்க வேண்டும். மண்ணோ வயலோ வேறொரு மரமோ பின்னால் வந்துவிட்டால் கருப்போடு கருப்பு ஒட்டிக்கொள்ளும், வடிவம் போய்விடும்.

லேடீஸ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலையின் தென்மேற்கு விளிம்பில், கொண்டை ஊசிச் சாலைக்கு மேலே இருக்கும் முனை. கீழே சேலம் நகரம் விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் கூடத் தெரியும். பொழுது சாய்வதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே நிற்கும்போது நாம் பார்ப்பது கீழ்நோக்கி. தொடுவானம் என்பது எங்கே நின்றாலும் நம் கண் மட்டத்தை ஒட்டித்தான் இருக்கும்; மலையில் அதற்கும் கொஞ்சம் கீழே. ஒரு மரத்தின் தலை நம் கண்ணைவிட உயரமாக எழவில்லை என்றால் அதன் பின்னால் வானம் வராது. சரிவில் நிற்கும் மரங்களின் உச்சி நம் காலுக்குக் கீழே இருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் சமவெளிதான், அதுவும் அந்த நேரத்தில் கருநீலமாக மாறிப்போன சமவெளி.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் அங்கே எடுத்த படங்கள் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. ஊர் விளக்குகள் இருக்கின்றன, மேகம் இருக்கிறது, வளைந்து இறங்கும் சாலையில் வண்டி வெளிச்சம் இருக்கிறது. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முனையின் ஓரத்தில் கம்பித் தடுப்பை ஒட்டி நிற்கும் ஒன்றிரண்டு கிளைகள் மட்டும் சட்டத்தின் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஏரிக்கரையில் இது தலைகீழ். கரையே சுற்றியுள்ள வயலைவிட உயர்ந்த மண்மேடு. அதன் மேல் பனை நிற்கிறது. நாம் கரையிலிருந்து இறங்கி வயலுக்குள் போய் நின்றால், கரை ஒரு கருப்புக் கோடாகிவிடும். பனையின் அடியிலிருந்து குருத்து வரை முழுக்க வானத்தில் நிற்கும். குனிந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் இன்னும் நல்லது. மலை தரும் 1,000 மீட்டர் உயரத்தைவிட, கரை தரும் மூன்று நான்கு மீட்டர்தான் இந்த வேலைக்கு உதவுகிறது.

பழந்தமிழ் மரபு குறிஞ்சிக்கு யாமத்தைச் சிறுபொழுதாக வைத்தது, மாலையை முல்லைக்குக் கொடுத்தது. அவர்கள் வைத்த காரணம் வேறு. ஆனாலும் மலையடிவாரத்தில் அந்தி நேரத்தில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பங்கீடு எனக்கு நினைவுக்கு வரும்.

பின்னால் நகர இடம் இருக்கிறதா?

இதைத்தான் நான் இரண்டாவதாகப் பார்ப்பேன். பலர் இதை யோசிப்பதே இல்லை.

பனையின் தலைக்குப் பின்னால் சூரியன் தட்டு மாதிரி பெரிதாக நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் மாயம் ஏதும் இல்லை, தூரம்தான். சூரியன் நம் கண்ணுக்கு அரை பாகையளவுதான் தெரிகிறது. ஒரு பொருள் அந்த அளவுக்குச் சிறிதாகத் தெரிய வேண்டும் என்றால், அதன் அகலத்தைப் போல் சுமார் 110 மடங்கு தூரத்தில் நாம் நிற்க வேண்டும். பனந்தலை 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 330 மீட்டர் தள்ளி நின்றால் பனந்தலையும் சூரியனும் ஒரே அளவாகத் தெரியும். 30 மீட்டரில் நின்றால் சூரியன் ஓலைக்கு இடையில் ஒரு புள்ளி. நிலாவுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

மலை முனையில் 330 மீட்டர் பின்னால் நகர முடியுமா? பின்னால் சாலை, கடை, கட்டடம், இன்னொரு மேடு. முன்னால் பள்ளம். நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். கரைக்குக் கீழே வரப்பு இருக்கிறது. நடந்துகொண்டே இருக்கலாம்.

பக்கவாட்டில் நகரவும் இடம் வேண்டும். சேலத்தில் சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. மார்ச், செப்டம்பர் 20ஐ ஒட்டிய நாட்களில் நேர் மேற்கு. ஜூன் இறுதியில் அதற்கு வடக்கே சுமார் 24 பாகை. டிசம்பர் இறுதியில் தெற்கே அதே 24 பாகை. 330 மீட்டர் தூரத்தில் நின்று ஒரு பனையைச் சூரியனோடு சேர்த்துப் பிடித்தவர், மார்ச்சில் நின்ற இடத்திலிருந்து டிசம்பரில் 130 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளி நின்றால்தான் அதே பனை அதே சூரியனோடு சேரும். மார்ச், செப்டம்பரில் இந்த நகர்வு வேகமானது. ஒரு நாள் பிந்தினால் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். டிசம்பர் கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும், அதனால் ஒரு வாரம் பொறுத்துப் போனாலும் குற்றமில்லை. ஒரே மரத்தைப் பல நாள் தொடர நினைப்பவர்களுக்கு நான் டிசம்பரைச் சொல்வது இதனால்தான்.

லேடீஸ் சீட் தென்மேற்கு பார்த்தது என்பதால் குளிர்காலச் சூரியன் அதற்குத் தோதாக இறங்கும். ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே ஒதுங்கிவிடும். அந்த மாதங்களில் அங்கே போய் ஏமாறாதீர்கள்.

நேரக் கணக்கு

நவம்பர் பின்பாதியில் சேலத்தில் 6 மணிக்குச் சற்று முன்பே பொழுது விழுந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் 6:45 வரை இழுக்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், 11 பாகை 40 கலைதான். அதனால் சூரியன் சாய்ந்து இறங்குவதில்லை, கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக விழுகிறது. வட்டத்தின் அடி தொடுவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதும் மறைய இரண்டு நிமிடம் கொஞ்சம் கூட. மறைந்த பிறகு நல்ல வெளிச்சம் நிற்பது இருபது, இருபத்திரண்டு நிமிடம். ஐரோப்பாவில் கோடை அந்தி ஒரு மணி நேரம் நீளும். அங்கே எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு நிதானமாக முக்காலியை விரித்தால் இங்கே இருட்டிவிடும்.

மலையில் ஒரு சலுகை உண்டு. உயரத்திலிருந்து பார்க்கும்போது தொடுவானம் கீழே இறங்குவதால், குறுக்கே மலையோ தூசிப்படலமோ இல்லாவிட்டால், சமவெளியைவிட நான்கு நிமிடம் வரை கூடுதலாகச் சூரியனைப் பார்க்கலாம். ஆனால் சமவெளியின் தூசிப்படலம் பெரும்பாலான மாலைகளில் அந்த நான்கு நிமிடத்தை விழுங்கிவிடும். சூரியன் தொடுவானத்தைத் தொடுவதற்கு முன்பே மங்கிக் கரைந்துபோவதை லேடீஸ் சீட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செலவாகும் நேரத்தையும் சேருங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளென்றால் அதற்கு மேல். படம் முடித்து இறங்குவது இருட்டில், பனிமூட்டம் இருந்தால் அதிலும். அக்கா மகளை இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அப்படி இறங்க எனக்கு மனம் வரவில்லை. ஏரிக்கரைக்கு அன்று ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம், அதுவும் டீ குடித்துவிட்டு.

மலைக்குத்தான் போவேன் என்பவர்களுக்கு

ஏற்காடு என்றால் லேடீஸ் சீட் மட்டும் இல்லை. மலையிலேயே மரத்துக்கு ஏற்ற இடங்கள் உண்டு. அவை பெயர்ப்பலகை வைத்த இடங்களாக இருப்பது அரிது.

சேர்வராயன் கோவில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். நான்கு பக்கமும் வானம். திறந்த வெளி, புல், காற்று. மரம் குறைவு. தனியாக ஒரு புதரோ குட்டை மரமோ கிடைத்தால் தரையோடு படுத்து எடுக்கலாம். மனித உருவை நிழலாக்க அருமையான இடம். மரத்துக்காக அவ்வளவு தூரம் போக நான் சொல்ல மாட்டேன்.

பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம். சூரியன் மறைவது தெரியாது என்று பலர் அதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்த இடம். பொழுது மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு வானத்தின் அடியில் நீலச்சாம்பல் பட்டை ஒன்று எழும்பும். அதற்கு மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. அந்த நீலச்சாம்பல் என்பது பூமியின் நிழலேதான், காற்று மண்டலத்தின் மேல் விழுகிறது. பௌர்ணமிக்கு முந்தின நாள் போனால் நிலா பொழுது மறைவதற்கு முன்பே எழுந்து அந்த ரோஜாப் பட்டைக்கு வந்து நிற்கும். மேற்கு வானம் தரும் கருப்பு அங்கே வராது. கிழக்கு வெளிச்சம் மென்மையானது. மரம் அடர் நீலமாக, கொஞ்சம் விவரத்தோடு தெரியும். முழுக் கருப்பு வேண்டாம் என்பவருக்கு அதுவே நிறைவு.

ஏற்காடு ஏரியைச் சுற்றி மேடு. சூரியன் மேட்டுக்குப் பின்னால் முன்கூட்டியே போய்விடும், ஆனால் வானம் வெளிச்சமாகவே இருக்கும். மேட்டு விளிம்பில் நிற்கும் மரங்களுக்கு அது நல்லதுதான். படகும் கூட்டமும் ஓய்ந்து தண்ணீர் அசையாமல் இருந்தால் பிம்பமும் கிடைக்கும்.

மலையில் நான் உண்மையில் தேடிப்போவது காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்கை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. இன்று அந்தக் காப்பிக்கு நிழல் தருவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம்தான். நேராக, ஊசி மாதிரி, பக்கக் கிளைகள் கழிக்கப்பட்டு நிற்கும். மிளகுக் கொடி சுற்றிய அடிமரம் கொஞ்சம் பருத்துத் தெரியும். சாலை பள்ளமாகவும் தோட்டம் மேலே மேடாகவும் இருக்கும் வளைவில் நின்று அண்ணாந்து பார்த்தால், வரிசை வரிசையாக வானத்தைக் கீறிக்கொண்டு நிற்கும். அங்கே மலை நமக்கு மேலே இருக்கிறது. கரைப் பனைக்குச் சொன்ன அதே விதி.

தோட்டங்கள் தனியார் சொத்து. வேலி தாண்டாமல் சாலையிலிருந்தே எடுங்கள், இல்லையென்றால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அந்தி நேரத்தில் காட்டெருமை நடமாட்டமும் உண்டு.

எந்த மரம்?

இடத்தைவிட இதில்தான் மனம் நிற்க வேண்டும் என்பேன். நிழலுருவில் பட்டையின் நிறம் போய்விடும், பூ போய்விடும், பச்சை போய்விடும். மிஞ்சுவது கோட்டுருவம் மட்டும். கோட்டுருவத்தை வைத்துப் பார்த்தவுடனே பெயர் சொல்ல முடிகிற மரம் வேண்டும்.

பனைக்கு நிகர் இல்லை. ஒற்றைக்கால், மேலே விசிறி விசிறியாக ஓலை. எட்டுத் திசையிலிருந்து பார்த்தாலும் பனை பனைதான். வெட்டாமல் விட்ட பனையில் காவோலை பாவாடை மாதிரி தொங்கும். 'காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்' என்ற பழமொழியை ஒரே சட்டத்தில் பார்க்கலாம்: கீழே தொங்கும் காய்ந்தவை, உச்சியில் விறைத்து நிற்கும் குருத்து. பெண்பனையில் காய்க்குலை கட்டியிருக்கும் மாதங்களில் கழுத்தோரம் உருண்டை உருண்டையாகத் தெரியும். மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஓலை நுனியில் ஊசலாடும். அவை இருந்தால் மற்ற எல்லாப் பனையையும் விட்டுவிட்டு அதையே எடுங்கள்.

தென்னை அழகுதான், ஆனால் சேலத்துப் பக்கம் தோப்பாகவே நிற்கிறது. தலையோடு தலை பின்னிக்கொள்ளும். வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துப் பாக்குத் தோப்புக்கும் இதே சிக்கல். ஓரத்து ஒற்றை வரிசை கிடைத்தால் மட்டும் நில்லுங்கள்.

புளியமரம் இலை அடர்ந்தது. முழு மரத்தையும் தூரத்திலிருந்து எடுத்தால் கருப்பு மூட்டையாக வரும். சாலையோரப் புளியின் கீழே நின்று, கிளைகளுக்கு இடையில் தெரியும் வானத்தை எடுத்தால் உயிர் வரும். ஆலும் அப்படியே, விழுதுகளுக்குப் பின்னால் வெளிச்சம் தாழ இருக்கும் நேரத்தில் உள்ளிருந்து வெளியே பார்த்து எடுக்க வேண்டும். சாலை அகலமாகும்போது முதலில் போவது இந்தப் பழைய புளிகள்தான். நான் 300 மி.மீ. லென்ஸ் வாங்கிய வருடம் எடுத்த ஒரு புளிய வரிசை இப்போது படத்தில் மட்டும்தான் நிற்கிறது. போகிற வழியில் நல்ல மரம் ஒன்றைப் பார்த்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒதிய மரத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். 'ஒதி பெருத்து உத்தரத்துக்கு ஆகுமா' என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் தை மாசி தொட்டுக் கோடை வரை அது இலை இல்லாமல் நிற்கும்போது அதன் கிளைகளைப் பாருங்கள். விரல் விரலாகத் தடித்த நுனிகள் வானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இலவமும் அந்த நாட்களில் மொட்டை. கிளைகள் தண்டிலிருந்து அடுக்கடுக்காக நேர்கோணத்தில் நீளும். பிப்ரவரியில் வந்து என்னிடம் கேட்டால் பனையைக் கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

கைப்பேசியா, கேமராவா?

அக்கா மகளிடம் இருந்தது கைப்பேசி மட்டும். என்னிடம் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவும் 300 மி.மீ. வரை இழுக்கும் லென்ஸும். இரண்டையும் ஒரே கரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்ததால் துணிந்து சொல்கிறேன்.

சூரியனையோ நிலாவையோ பெரிதாகக் காட்ட வேண்டும் என்றால் கைப்பேசியின் முதன்மை லென்ஸால் ஆகாது. 4,000 பிக்சல் அகலமுள்ள அதன் படத்தில் சூரியன் 30 பிக்சலுக்கும் குறைவு. 300 மி.மீ. லென்ஸும் 6,000 பிக்சல் அகல சென்சாரும் அதே சூரியனை 700 பிக்சலுக்குக் கொண்டுவரும். விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவது வெறும் வெட்டுதான். மங்கிய வெளிச்சத்தில் ஓலை நுனியெல்லாம் குழைந்துவிடும். தனி டெலி லென்ஸ் உள்ள கைப்பேசி என்றால் அதன் 3 மடங்கு, 5 மடங்கு அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் சூரியன் மறைந்த பிறகு வரும் வானத்துக்கு, அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு, கைப்பேசி போதும். மரத்தை நெருங்கி, கேமராவைத் தரையோரம் வைத்து, வானத்தை நிறைய விட்டு எடுத்தால் அகல லென்ஸ் தன் வேலையைச் செய்யும். அதன் எதிரி அதன் சொந்த புத்திசாலித்தனம்தான். நிழலைக் கண்டால் வெளிச்சமாக்கப் பார்க்கும். நைட் மோடை அணைக்க வேண்டும், இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் எச்டிஆரை அணைக்க வழியிருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பிறகு மரத்தைத் தொடாமல் வானத்தில் விரல் வைத்து அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் மரம் கருக்கும், வானம் நிறம் பிடிக்கும். இதை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் யாருக்கும் மறக்காது.

கேமராவில் நான் தொடங்கும் அளவு: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, 1/125 நொடி. 300 மி.மீ. என்றால் முக்காலி, இல்லாவிட்டால் வேகத்தைக் கூட்ட வேண்டும். அளவீட்டைச் சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் எடுத்து, ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்துக்கொள்வேன். பதினைந்து நிமிடம் கழித்து ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 வரை போகும். காற்று அடிக்கும் நாளில் ஓலை ஆடும். அப்போது ஐஎஸ்ஓவைக் கூட்டி 1/250க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வேன். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடக் கூடாது, அது செக்கர் வானத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும். டே லைட் அல்லது கிளவுடியில் வைத்தால் கண் பார்த்த நிறம் வரும். குவியத்தைத் தண்டின் ஓரத்தில், வானமும் மரமும் சந்திக்கும் கோட்டில் வையுங்கள். வெறும் கருப்பில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டெலி லென்ஸ் மாட்டிய கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துளை வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். பின்பக்கத் திரையில் பாருங்கள். சிவந்து மங்கிவிட்டது என்று நம்பிக் கண்ணைக் கொடுக்க வேண்டாம்.

அன்றைக்குக் கரையில்

ஐந்தரைக்குக் கரைக்குக் கீழே நின்றோம். மேற்கே மேகம் பாதி. மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்று பார்த்தார். "என்னங்க தம்பி, வெளிச்சமெல்லாம் போற நேரத்துல வந்து நிக்கறீங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் தடியால் கரையின் வடகோடியைக் காட்டினார். "இங்க நிக்காதீங்க. அந்தக் கோடிப் பனையைப் புடிங்க. அதுலதான் குருவிக் கூடு கெடக்குது."

நான் குறித்து வைத்திருந்தது நடுவில் இருந்த இரட்டைப் பனை. அவர் சொன்ன மரத்துக்கு நானூறு அடி நடக்க வேண்டும். நடந்தோம். ஏழெட்டுக் கூடுகள், எல்லாம் கிழக்குப் பக்க ஓலையில். சூரியன் மேகத்துக்குள்ளேயே போய் மறைந்தது. எனக்கு வேண்டிய பெரிய வட்டம் அன்று கிடைக்கவில்லை. ஆறு மணி தாண்டி, மாடுகள் கூடப் போன பிறகு, மேகத்தின் அடிப்பக்கம் திடீரென்று பற்றிக்கொண்டது. தரையில் உட்கார்ந்திருந்த அவள் கைப்பேசியை நிமிர்த்தி எடுத்த ஆறாவது படத்தில் பனை நட்டநடுவில் இல்லை, இடது ஓரத்தில் நிற்கிறது. வலப்பக்கம் முழுக்க வானம். கூடுகள் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. என் பெரிய லென்ஸ் பிடித்த எதிலும் அந்த வானத்தின் விரிவு வரவில்லை.

கண்ணங்குறிச்சி மூக்கனேரியும் நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு நல்ல மாற்று. ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரம் வைத்திருக்கிறார்கள், பறவைகள் வந்து அடைகின்றன. கிழக்குக் கரையிலிருந்து பார்த்தால் திட்டு மரங்களும் தண்ணீரில் அவற்றின் தலைகீழ் உருவும் ஒரே சட்டத்தில் வரும். பனையின் தனிமை அங்கே கிடைக்காது. ஆட்டோ பிடித்துப் போய்விடலாம் என்பது அதன் பலம்.

முடிவை நான் மாற்றிக்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து, மூன்றாம் நாள் மதியம் வெயில் எட்டிப் பார்க்கிறதா, ஏரிக்கரையை விட்டுவிடுங்கள். அன்றைக்குத் தூசி எல்லாம் கழுவப்பட்டிருக்கும், மலையில் பள்ளத்துக்குப் பள்ளம் பனிமூட்டம் எழும்பும். சில்வர் ஓக் வரிசை ஒன்று கருப்பாகவும், அதற்குப் பின்னது சாம்பலாகவும், அதற்கும் பின்னது வெள்ளையோடு வெள்ளையாகவும் அடுக்கடுக்காக நிற்கும். சமவெளியில் அந்த அடுக்கு கிடைக்கவே கிடைக்காது. லேடீஸ் சீட் வரை போக வேண்டாம். தோட்டம் சாலைக்கு மேலே நிற்கும் ஒரு வளைவைத் தாண்டி, அகலமான ஓரத்தில் வண்டியை ஒதுக்கி, முகப்பு விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். மூன்று மணிக்கெல்லாம் கோரிமேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். பனிமூட்டம் பொழுது சாயும் வரை காத்திருக்காது.